மின் வண்டிகளின் சந்தையும் இடம் காக்கும் இரகசியமும்

பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை கைம்மாற்றாக வாங்குவது நம் தாய்மார்களுக்குப் புதிதன்று. ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் காரிலிருந்து மூன்று யூனிட் மின்சாரம் விலைக்கு வாங்கலாம் என்று எங்கள் அறிவியல் மன்றக் கூட்டத்தில் சொல்லப்பட்டபோது, முதலில் எழுந்தது சிரிப்பொலிதான். சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, “சிஸ்டர், அப்படி விற்கிறவர் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு அன்று எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. பின்னர் பல நாள்கள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மின் வண்டியின் வயிற்றில் இருப்பது ஒரு பெரிய மின்கலத் தொகுதி. 2010ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் காரில் 24 யூனிட் மின்சாரம் சேமிக்கும் மின்கலம் இருந்தது. ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட் என்பது நாம் அறிந்ததே. நம் வகுப்பறை மின்விசிறி 75 வாட் எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால், 24 யூனிட்டைக் கொண்டு அதனை 320 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக 13 நாள்கள் ஓட்டலாம். இத்தனை மின்சாரத்தையும் சுமந்துகொண்டு அந்தக் கார் நாளின் பெரும்பகுதியில் என்ன செய்கிறது? சும்மா நிற்கிறது!

சும்மா நிற்பதை வேலை செய்யவைக்கலாமே என்று முதலில் எண்ணியவர்களுள் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெட் கெம்ப்டன் குறிப்பிடத்தக்கவர். 1997இல் அவரும் ஸ்டீவன் லெட்டென்ட்ரே என்பாரும் இக்கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினர். அது செயலுக்கு வர ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஆயின. 2013இல் அப்பல்கலைக்கழகத்தின் மின் கார்கள் சில, பொது மின்தொடருக்கு உதவி செய்து அதற்குக் கூலியும் பெற்றன. மின்தொடரில் ஆக்கமும் செலவும் நொடிதோறும் சமமாக இருக்க வேண்டும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அலைவெண் பிறழும். கூடும்போது கார்கள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். குறையும்போது கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். தராசில் படிக்கல்லை எடுத்து எடுத்து வைப்பது போன்ற வேலைதான்.

ஜப்பானியர்களுக்கோ இப்பாடத்தைத் துயரம் கற்பித்தது. 2011 மார்ச் 11இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கும் கடற்கோளுக்கும் பின்னர், பெட்ரோல் கிடைப்பது மிகவும் அரிதாயிற்று. பல இடங்களில் பெட்ரோலுக்கு முன்னரே மின்சாரம் திரும்பிவிட்டதால், மின் கார்கள் மீட்புப் பணிக்கு உதவின. அடுத்த ஆண்டே, காரின் மின்சாரத்தை வீட்டுக்குத் திருப்பும் கருவி அங்கே விற்பனைக்கு வந்தது. மின்கலத்தில் இருப்பது நேர்த்திசை மின்சாரம்; வீட்டில் ஓடுவது மாறுதிசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே அக்கருவியின் பணி.

வண்டியிலிருந்து வண்டிக்குக் கொடுப்பது இதன் அடுத்த படி. 2021இல் வெளிவந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என்னும் காரிலிருந்து 3.6 கிலோவாட் அளவு மின்சாரத்தை வெளியே எடுத்து, வேறொரு மின் காருக்கு ஏற்றலாம். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் கொடுத்த மின்சாரத்தில் வாங்கியவர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போகலாம். நடுவழியில் நின்றுவிட்ட ஒருவருக்கு அது சிறிய உதவியா என்ன? இரு வண்டிகளும் அருகருகே நிற்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. விற்பவர் தம் வீட்டில் தொடருக்குள் செலுத்துவார். வாங்குபவர் அதே பகுதியில் வேறொரு வீட்டில் எடுத்துக்கொள்வார். விற்றவரின் மின்சாரமே வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் விடையில்லை. பொதுத் தொட்டியில் ஒருவர் குடம் ஊற்ற, மற்றொருவர் குடம் மொள்வது போல, கணக்குத்தான் இருவருக்கும் பொது.

இனி, விலை எப்படி முடிவாகும்? ஏலம் விட வேண்டியதுதான். மூவர் விற்க வருகின்றனர்; யூனிட்டுக்கு 6, 8, 11 ரூபாய் கேட்கின்றனர். மூவர் வாங்க வருகின்றனர். 12, 9, 7 ரூபாய்வரை தருவோம் என்கின்றனர். குறைவாகக் கேட்பவரையும் மிகுதியாகத் தருபவரையும் வரிசைப்படி இணைத்தால் இரண்டு வியாபாரங்கள் முடியும். மூன்றாவது விற்பவர் 11 கேட்க, மூன்றாவது வாங்குபவர் 7 மட்டுமே தருவதால் அது முறிந்துபோகும். பொது விலை 8க்கும் 9க்கும் இடையில் நிற்கும். சந்தைக்குப் போய் வந்த பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் காய்கறிச் சந்தைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 6 ரூபாய்க்குத் தருபவர் முப்பது மைலுக்கு அப்பால் இருந்தால் அவரால் என்ன பயன்? அவரிடம் போய்ச் சேர்வதற்குள் வாங்கியது அத்தனையும் வழியிலேயே செலவாகிவிடும். எனவே, இணைத்து வைக்கும் கணிப்பொறி ஒவ்வொருவரிடமும், “நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. எங்கள் தோழி கேட்ட கேள்வியின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

இடம் தெரிந்தால் என்ன கேடு என்று எங்களுள் சிலர் வாதிட்டனர். ஒரு மருத்துவச்சியின் வண்டியை எண்ணிப் பாருங்கள் என்றோம். எந்த இரவில் எத்தெருவில் நின்றது என்று தெரிந்தால், எவ்வீட்டில் யாருக்கு நோய் என்பது தெரிந்துவிடும். கணவனின் அடிக்கு அஞ்சிப் பிள்ளைகளுடன் வெளியேறி, ஒரு காப்பகத்தில் தங்கியிருக்கும் பெண்ணின் வண்டியை எண்ணிப் பாருங்கள். மூன்று யூனிட் வாங்கிய ஒரு இரசீது அவளைக் காட்டிக்கொடுக்கப் போதும். வாதம் அத்துடன் நின்றது.

பெயரை நீக்கிவிட்டு இடத்தை மட்டும் எழுதி வைத்தால் ஆகாதா? ஆகாது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. இவ்-அலெக்சாண்டர் த மோன்ஜோய் முதலிய அறிஞர்கள், ஐரோப்பாவில் 15 இலட்சம் பேரின் 15 மாதச் செல்பேசிப் பதிவுகளை, பெயர் நீக்கிய நிலையில் ஆராய்ந்தனர். எந்த மணி, எந்தக் கோபுரத்தின் அருகில் என்னும் விவரம் மட்டுமே அதில் இருந்தது. ஒருவரைப் பற்றி அத்தகைய நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும். 95 விழுக்காட்டினரை அக்கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுக்க முடிந்தது! இரண்டே புள்ளிகள் பாதிப்பேருக்கு மேல் போதுமாயிருந்தன. யோசித்தால் இதில் வியப்பில்லை. இரவில் ஒரு வீட்டிலும், காலை ஒன்பதுக்கு நம் பள்ளியிலும், வியாழன் மாலை ஒரு பாட்டு வகுப்பிலும், ஞாயிறு காலை ஒரு குறிப்பிட்ட கோவிலிலும் இருப்பவர் இவ்வூரில் எத்தனை பேர்?

இது வெறும் ஆய்வுக்கூட அச்சமன்று. 2024 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 இலட்சம் மின் கார்களைப் பற்றிய விவரங்கள், போதிய காவலின்றித் திறந்து கிடந்தன. அவற்றுள் ஏறத்தாழ 4,60,000 கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் நுட்பமாகப் பதிவாகியிருந்தது. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் அமைப்பினர் அதனைச் சுட்டிக்காட்டிய பின்னரே அக்கதவு மூடப்பட்டது. அங்கே வண்டிகள் மின்சாரம் விற்கக்கூட இல்லை. ஓடின, நின்றன, அவ்வளவே.

அறிஞர்கள் கையாளும் உபாயங்களுள் முதலாவது, பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு அதை அடிக்கடி மாற்றுவது. வெட்டவெளிச் சாலையில் தனியே போகும் வண்டி பெயரை மாற்றினால் என்ன பயன்? ‘அ’ என்று போனது ‘ஆ’ என்று வருகிறது, அவ்வளவுதானே என்று எவரும் சொல்லிவிடுவர். எனவே கூட்டத்துக்குள் புகுந்துதான் மாற்ற வேண்டும். 2003இல் பெரெஸ்ஃபோர்டு, ஸ்டஜானோ என்னும் இருவர் ‘கலப்பு மண்டலம்’ என்னும் கருத்தை வெளியிட்டனர். நம் காலை வழிபாட்டுக் கூட்டம் இதற்கு நல்ல உவமை. ஒரே சீருடையில் நானூறு பேர் மண்டபத்துக்குள் நுழைகிறோம். வெளியே வரும்போது, நுழைந்தவளில் எவள் எக்கதவு வழியே வந்தாள் என்று மதிலுக்கு அப்பால் நிற்பவரால் சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிடம் தாமதமாக ஒருத்தி தனியே ஓடிவந்தால் அவளை எல்லாரும் பார்த்துவிடுவர் (இதை அனுபவத்தால் அறிந்தோர் எங்களுள் உண்டு).

இரண்டாவது உபாயம் இடத்தைப் பெரிதாக்கிச் சொல்வது. ‘இந்த வீட்டில்’ என்னாமல் ‘இந்தப் பேட்டையில்’ என்பது. பேட்டையின் எல்லையை எப்படி வகுப்பது? குறைந்தது இருபது வண்டிகளேனும் உள்ளே அடங்கும்வரை எல்லையை விரித்துக்கொண்டே போவார்கள். அப்போது நீங்கள் இருபதில் ஒருவர். நல்ல முறைதான், ஆயினும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த இருபது வண்டிகளும் ஒரே புற்றுநோய் மருத்துவமனையின் வளாகத்தில் நின்றால்? இருபதில் நீங்கள் எவர் என்பது மறைந்தது. எதற்காக வந்தீர்கள் என்பது மறையவில்லை.

மூன்றாவது, வேண்டுமென்றே கொஞ்சம் தவறாகச் சொல்வது. நான்கு நூறு அடி வடக்கே, ஆயிரம் அடி கிழக்கே என்று ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல இடத்தை நகர்த்திவிட்டுச் சொல்லும் வண்டி. 2013இல் இம்முறைக்குக் கணித அடிப்படை வகுக்கப்பட்டது. எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு மறையும் என்று அளந்தே சொல்லலாம். இதற்கு நாம் கொடுக்கும் விலை, அருகில் இருக்கும் விற்பவரை விட்டுவிட்டுச் சற்றுத் தொலைவில் இருப்பவரிடம் போக நேரிடுவது. மற்றொரு பொறியும் இதில் உண்டு. ஒரே வீட்டு வாசலிலிருந்து நூறு நாள் நூறு பொய்யிடங்களைச் சொன்னால், அந்த நூறு புள்ளிகளின் நடுவே உண்மையான வாசல் பளிச்சென்று தெரிந்துவிடும்! எனவே வீட்டுக்கு என்று ஒரே ஒரு பொய்யைத் தேர்ந்துகொண்டு அதையே எப்போதும் சொல்ல வேண்டும். பொய் சொல்வதிலும் நிலையாக நிற்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் கணித ஆசிரியை சிரித்தார்.

எங்களை மிகவும் கவர்ந்தது நான்காவது முறையே. எண்களை எவரும் பாராமலே எண்களைக் கொண்டு கணக்குப் போடுவது. முடியாத காரியம் என்று எண்ணினோம். செய்து பார்த்த பிறகே நம்பினோம்.

ஒரு பெஞ்சில் ஆறு பேர். தங்கள் மாதத் தேர்வு மதிப்பெண்ணின் சராசரி தெரிய வேண்டும். ஆனால் எவளும் தன் மதிப்பெண்ணைச் சொல்லமாட்டாள். முதல் மாணவி மனத்துக்குள் 583 என்று ஓர் எண்ணை நினைத்துக்கொண்டாள். அதனுடன் தன் 71ஐக் கூட்டி, 654 என்று இரண்டாமவளின் காதில் மட்டும் சொன்னாள். அவள் தன் 48ஐக் கூட்டி 702 என்றாள். பிறகு 86 சேர்ந்து 788, 39 சேர்ந்து 827, 64 சேர்ந்து 891, கடைசியாக 58 சேர்ந்து 949. அந்த 949 முதல் மாணவியிடம் திரும்பி வந்ததும், தன் இரகசிய எண்ணான 583ஐக் கழித்தாள். மொத்தம் 366, சராசரி 61. எவள் எவ்வளவு வாங்கினாள் என்பது எவருக்கும் தெரியாது. (இங்கே அச்சாகியிருப்பவை உண்மையான மதிப்பெண்கள் அல்ல. உண்மையானவற்றை எழுதினால் கட்டுரையின் நோக்கமே கெட்டுவிடும்.)

எங்கள் மகிழ்ச்சி ஒரு பாடவேளைகூட நீடிக்கவில்லை. மூன்றாமவளும் ஐந்தாமவளும் இடைவேளையில் குழாயடியில் கூடிப் பேசினர். “நான் 788 என்று கொடுத்தேன்.” “நான் 827 என்று கேட்டேன்.” நடுவில் இருந்த நான்காமவளின் 39 வெளிப்பட்டுவிட்டது. அவள் அன்று முழுதும் எங்களுடன் பேசவில்லை. விளையாட்டாகத் தொடங்கியது அப்படி முடிந்ததற்கு நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால், எத்தனை பேர் இரகசியமாகக் கூடினால் இம்முறை உடையும் என்பதே இத்துறையின் முதற்கேள்வி என்று பிறகு படித்தபோது, அதை நாங்கள் முன்னரே கண்டுபிடித்துவிட்டிருந்தோம்.

இம்முறை உண்மையான ஏலத்திலும் வெற்றி பெற்றிருக்கிறது. 2008 ஜனவரியில் டென்மார்க்கில் சர்க்கரைக் கிழங்கு பயிரிடும் ஏறத்தாழ 1,200 உழவர்கள், ஆலைக்குக் கிழங்கு அனுப்பும் உரிமையைத் தங்களுக்குள் வாங்கி விற்றனர். அந்நாட்டில் அப்போது கிழங்கை வாங்கிச் சர்க்கரை ஆக்கியது டேனிஸ்கோ என்னும் ஒரே நிறுவனம். எந்த உழவர் எவ்விலைக்கு எவ்வளவு தருவார் என்பது ஆலைக்குத் தெரிந்தால், அவருடைய வரவு செலவு நிலையே தெரிந்துவிடும். மறு ஆண்டு ஒப்பந்தத்தில் அவரை அமுக்கலாம். உழவர் சங்கத்துக்குத் தெரிவதையும் எல்லாரும் விரும்பவில்லை. என்ன செய்தனர்? ஒவ்வொருவரின் விலைக்கோரிக்கையும் துண்டுகளாக்கப்பட்டு மூன்று கணிப்பொறிகளுக்குப் போயிற்று. ஒன்று ஆலையினுடையது, ஒன்று உழவர் சங்கத்தினுடையது, ஒன்று ஆராய்ச்சியாளர்களுடையது. தனியொரு துண்டைப் பார்த்தால் அது பொருளற்ற எண். மூன்று கணிப்பொறிகளும் சேர்ந்து கணக்கிட்டபோது, சந்தை விலை மட்டும் வெளியே வந்தது. ஏறத்தாழ 25,000 டன் கிழங்குக்கான உரிமை கைமாறியது. ஆலையும் சங்கமும் ஆராய்ச்சியாளரும் குழாயடியில் கூடிப் பேசுவது எளிதன்று என்பதால்தான் அம்மூவரைத் தேர்ந்தனர்.

கிழங்கின் இடத்தில் மின்சாரத்தை வைத்துப் பாருங்கள். வண்டி தன் இடத்தையும் விலையையும் துண்டுகளாக்கி மூன்று பேரிடம் கொடுக்கும். அவர்கள் எவருடைய இடத்தையும் அறியாமலே, ‘இவருக்கு அவர் அருகில்’ என்று இணைத்துவிடுவர். இடம் தெரியவேண்டியது இணைந்த அந்த இருவருக்கு மட்டுமே. இதன் குறை வேகம். மறைத்துக் கணக்கிடுவது, திறந்து கணக்கிடுவதைவிடப் பன்மடங்கு நேரம் எடுக்கும். உழவர்கள் காத்திருக்கலாம், சாலையோரத்தில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

பணம் கொடுக்கும்போதும் இடம் கசியும். வங்கிக் கணக்கில் ‘இவர் அவருக்குக் கொடுத்தார்’ என்று இருந்தால், மறைத்ததெல்லாம் வீண். இதற்கு 1982இலேயே டேவிட் சௌம் என்னும் அமெரிக்கர் அழகான வழி சொன்னார். உள்ளே கார்பன் தாள் ஒட்டிய ஓர் உறையில் நம் சீட்டை இட்டு ஒட்டி வங்கியிடம் கொடுக்கிறோம். வங்கி நம் கணக்கில் பத்து ரூபாயைக் கழித்துக்கொண்டு, உறையின் மேல் கையெழுத்திடுகிறது. உறையைப் பிரித்தால் கையெழுத்து சீட்டில் பதிந்திருக்கும். பின்னர் அச்சீட்டு வேறொருவர் கையிலிருந்து வங்கிக்கு வரும்போது, கையெழுத்து தன்னுடையது என்று வங்கி அறியும். எவருக்குக் கொடுத்தது என்று அறியாது. சீட்டு எண்ணைக் குறித்துக்கொள்வதால், ஒரே சீட்டை இருமுறை செலவிடவும் முடியாது. கார்பன் தாளின் வேலையைக் கணிதம் செய்கிறது என்பதே வேறுபாடு.

பலர் கையில் ஒரே கணக்கேட்டின் பிரதிகளை வைக்கும் பிளாக்செயின் முறையையும் வண்டிகளின் வியாபாரத்துக்குப் பலர் சிபாரிசு செய்கின்றனர். 2017 முதல் இதுபற்றிக் கட்டுரைகள் மலிந்துள்ளன. ஏட்டைத் திருத்தி ஏமாற்றுவதை அது தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் பலர் பார்க்கும் ஏடு இரகசியத்தைக் காக்கும் என்று நினைப்பது எங்களுக்குச் சரியாகத் தோன்றவில்லை. மறைக்கவேண்டியதை மறைத்த பின்னர் அதில் எழுதலாம், முன்னர் அன்று.

பணத்தை வாங்கிக்கொண்டு மின்சாரம் தராமல் ஓடிவிடுபவனை என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கக்கூடும். முகமூடி அணிந்த சந்தையில் திருடனுக்கும் முகமூடி உண்டல்லவா! வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் இருப்பது போல, பொய்ப் பெயருக்குப் பின்னால் உள்ள மெய்ப் பெயரையும் இரண்டு பூட்டுகளால் பூட்டி வைக்கலாம். ஒரு சாவி சந்தையை நடத்துபவரிடம், மற்றொன்று வெளியார் ஒருவரிடம். இருவரும் இசைந்தாலன்றிப் பெட்டி திறவாது. இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் எங்கள் மன்றத்தில் ஒற்றுமை ஏற்படவில்லை. நீதிமன்றம் என்றனர் சிலர். வண்டிக்காரர்களின் சங்கம் என்றனர் வேறு சிலர்.

மேலே சொன்ன உபாயங்கள் பலவும் கூட்டத்தையே நம்பியிருக்கின்றன. ஒரு மலையூரில் ஒரே ஒரு மின் வண்டிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கலந்து மறைய மண்டபமும் இல்லை, உடன் நிற்க இருபது பேரும் இல்லை. அத்தகைய வண்டி, விற்பவர் யார் என்று தேடும்போதாவது தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. டெலிபோன் ஆபீசில் ஒருவருடைய எண்ணைக் கேட்டால், யாரைத் தேடுகிறோம் என்பது அங்கே தெரிந்துவிடும். டைரக்டரி முழுவதையும் வாங்கி வந்து வீட்டில் புரட்டினால் தெரியாது. அதுபோல மாவட்டத்தின் விற்பனைப் பட்டியல் முழுவதையும் வண்டி வாங்கி வைத்துக்கொண்டு, தன்னுள்ளேயே தேடிக்கொள்ளலாம். ஆயினும் தேடி முடித்து வாங்கப் போகும்போது, விற்பவரின் வாசலில் அந்த வண்டி ஒரு மணி நேரமேனும் நிற்கத்தான் வேண்டும். எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டி பார்க்கத்தான் செய்வார்.

— அறிவியல் மன்ற மாணவியர்